காலில்லாத பேயின் கால்ஷீட்

இனிமேல் தன் படத்தைப் பற்றி வீட்டில் மூச்சுவிடுவதில்லை என்று டைரக்டர் தீர்மானம் செய்தபோது அவர் வாயில் பிரஷ் இருந்தது. ஆகையால் தீர்மானத்தை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. கண்ணாடியைப் பார்த்துத் தலையைப் பலமாக ஓர் ஆட்டு ஆட்டினார். பற்பசை நுரை கண்ணாடி முழுக்கத் தெறித்தது. அதையும் அவரே துடைத்துவிட்டு வந்தார்.

தீர்மானத்துக்குக் காரணம் அவர் மனைவி. சண்டைக்காரி அல்ல. சத்தம் போடுகிறவளும் அல்ல. ஒரே ஒரு கேள்வி கேட்பாள். அதுவும் துணி மடித்துக்கொண்டே கேட்பாள். அவ்வளவுதான், கதை படுத்துவிடும்.

முதல் கதையின் நாயகனுக்கு ஞாபகசக்தி போய்விடுகிறது. டைரக்டர் கண் கலங்க அதைச் சொல்லி முடித்தார். "பேரு மறந்துட்டான், வீடு மறந்துட்டான், பொண்டாட்டியையே மறந்துட்டான், சரி. டூயட்டுல பாட்டு வரி மட்டும் எப்படிங்க ஞாபகம் இருக்கு?" என்றாள் மனைவி. இரண்டாவது கதையின் நாயகன் ஒரு மரப்பெட்டிக்குள் ஒளிந்து கப்பலில் கடல் தாண்டுகிறான். "பாத்ரூமுக்கு என்ன பண்ணினான்?" என்றாள். மூன்றாவது கதையை அவர் சொல்ல ஆரம்பித்தபோதே அவள் மடித்துக்கொண்டிருந்த துண்டைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையே போதுமானதாக இருந்தது. மூன்று கதைகளும் பரண் ஏறின.

அவளும் சினிமாவில்தான் இருந்தாள். படங்களில் வரும் குழந்தைகளுக்கெல்லாம் குரல் கொடுப்பது அவள் தொழில். திரையில் அழுத பாதிக் குழந்தைகள் அவள் தொண்டையிலிருந்துதான் அழுதன. காலையில் பள்ளிக்கூடப் பிள்ளையாகப் பேசுவாள், மத்தியானம் தொட்டில் குழந்தையாக வீறிடுவாள், சாயங்காலம் வீட்டுக்கு வந்து சொந்தக் குரலில், "தண்ணி மோட்டாரை நிறுத்தினீங்களா?" என்பாள். ஒலிப்பதிவுக் கூடங்களில் அவளுக்குப் பெயரே பாப்பாக்கா. உதவி, துணை, இணை டைரக்டர் என்று எல்லா அடைமொழிகளோடும் அவர் அலைந்த காலமெல்லாம், அந்தக் குழந்தைகள் அழுத அழுகையில்தான் இந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. டைரக்டருக்கு அது நன்றாகவே தெரியும். மனதுக்குள் நன்றி நிறைய உண்டு. வெளியே வருவதற்குத்தான் வழி தெரியாமல் இருந்தது.

கடைசியில் ஒரு தயாரிப்பாளர் கிடைத்தார். டைல்ஸ் கடை முதலாளி. எல்லாரும் டைல்ஸ்காரர் என்றே சொல்வார்கள். பேய்க் கதை என்றதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "பேய் சுவர் வழியா வருதுங்கிறீங்க. அந்தச் சுவர்ல நம்ம டைல்ஸ் இருக்கலாமா?"

"தாராளமா."

"வந்துட்டுப் போன பிறகும் ஒரு கீறல்கூட விழக்கூடாது. அதைக் கிட்டத்துல காட்டுங்க."

படம் தொடங்கிவிட்டது.

கதை இதுதான். ஒரு கட்டடக் காண்டிராக்டர் செய்த மோசடியால் ஒரு பெண் சாகிறாள். பேயாக வருகிறாள். அவனைப் பழி வாங்குகிறாள். நடுவில் தன் கணவனையும் போய்ப் பார்க்கிறாள். இடைவேளை வரைக்கும் டைரக்டர் பேய்க்குச் சட்டதிட்டமே வகுத்திருந்தார். கால் கிடையாது. எதையும் தொட முடியாது. தொட்டால் கை உள்ளே போய்விடும். கதவு தேவையில்லை, சுவர் வழியாக வரும், சுவர் வழியாகப் போகும். காண்டிராக்டரின் பங்களாவில் அது புகுந்து புறப்பட்டதைப் பார்த்து டைல்ஸ்காரர் எழுந்து நின்று கைதட்டினார்.

இடைவேளைக்குப் பின்னால்தான் வினை வந்தது. சுவர் வழியாகப் பேயை இழுத்துவந்த கிராபிக்ஸ்காரர் வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டார். புதிதாக வந்தவர், "ஒரு சுவரைத் தாண்ட மூணு மாசம் ஆகும் சார்," என்றார். "அப்ப கதவைத் தட்டிட்டு வரட்டும்யா," என்றார் டைரக்டர். பேயாக நடித்த பெண் படிக்கட்டில் தடுக்கி விழுந்தாள். காலே இல்லாத பேய்க்குக் கால் சுளுக்கு. அவளோ வேறு இரண்டு படங்களிலும் நடித்துக்கொண்டிருந்தாள். காலில்லாத பேய்க்குக் கால்ஷீட் பிரச்சினையும் சேர்ந்துகொண்டது. கிடைத்த நாளில் எடுத்தாக வேண்டும். வெறுங்காலோடு நிற்க முடியாது, மெத்தென்று ஏதாவது வேண்டும் என்றாள். டைரக்டர் வீட்டிலிருந்து மனைவியின் நீலச் செருப்பை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்தார். கணவனாக நடித்தவரோ, அவள் சும்மா நின்றால் தனக்கு நடிப்பு வராது, கையில் ஏதாவது வேண்டும் என்றார். பேய் கையில் ஒரு தம்ளர் காப்பி கொடுக்கப்பட்டது.

இதெல்லாம் அந்தந்த நாளில் நியாயமாகவே தெரிந்தது. எல்லாவற்றையும் வரிசையாக ஒட்டிப் பார்த்த அன்றுதான் எடிட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் அதிகம் பேசாத மனிதர்.

"சார், ஒரு சின்ன சந்தேகம்."

"சொல்லுங்க."

"இந்தப் படத்துல பேய் ஒண்ணா, ரெண்டா?"

"ஒண்ணுதான்யா."

"ஒரே பேய்க்கு ரெண்டு கொள்கையா?"

டைரக்டர் பார்த்தார். முதல் பாதியில் ஒரு காகிதத்தைக்கூட எடுக்க முடியாமல் தவித்த பேய், இரண்டாம் பாதியில் காப்பியை ஆற்றிக் கொடுத்தது. பெரிய பங்களாவின் சுவர்களை வெண்ணெய் மாதிரி கடந்த பேய், சின்ன வீட்டு மரக்கதவின் முன்னால் நீலச் செருப்போடு நின்று, தட்டிவிட்டுக் காத்திருந்தது. கதவு திறக்கத் தாமதமானதால் ஒருமுறை திரும்பி வீதியைக்கூடப் பார்த்தது.

டைரக்டர் பயந்துபோனார். எடிட்டர் கேட்டதற்காக அல்ல. துணி மடித்துக்கொண்டே இன்னொருத்தி கேட்கப்போகிறாளே, அதற்காக.

அதனால்தான் மறுநாள் காலையில் பிரஷோடு அந்தத் தீர்மானம்.

தீர்மானம் சாயங்காலம் வரை தாக்குப்பிடித்தது.

"என்னங்க, என் நீலச் செருப்பைப் பார்த்தீங்களா?"

"எந்த நீலச் செருப்பு?"

"நம்ம வீட்டுல எத்தனை நீலச் செருப்பு இருக்கு?"

"நாய் ஏதாவது தூக்கிட்டுப் போயிருக்கும்."

"ரெண்டையுமா?"

"ஜோடியா இருந்தாத்தானே அழகுன்னு நெனச்சிருக்கும்."

அவள் ஒரு தலையணை உறையை உதறி மடித்தாள். "படம் எப்படி வந்திருக்கு?"

"வந்திருக்கு."

"பேய்க்கு யார் குரல்? அந்தப் பொண்ணுக்குத்தான் நம்ம பாஷையே வராதே."

டைரக்டருக்குச் சட்டென்று ஒரு பொய் உதித்தது. அவசரத்தில் உதிக்கும் எல்லாப் பொய்களையும் போல அதுவும் பார்ப்பதற்கு லட்சணமாகத்தான் இருந்தது. "பேய் பேசாது," என்றார்.

"பேசாத பேயா?"

"ஆமா. கண்ணாலேயே பேசும்."

"போஸ்டர்ல முடி முகத்தையே மறைச்சிருக்கே. கண்ணு எங்க தெரியுது?"

டைரக்டர் மோட்டாரை நிறுத்தப் போனார். மோட்டார் ஓடவே இல்லை. இருந்தாலும் போய் நின்றுவிட்டு வந்தார்.

உண்மையில் பேய்க்கு வசனம் இருந்தது. அதைப் பேச ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் மனைவிக்குத் தெரியாத ஆளாகவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கதை வீட்டுக்குள் வந்துவிடும். ஒலிப்பதிவுக் கூடத்தைப் பார்த்துக்கொள்கிறவருக்குச் சவுண்டு என்று பெயர். ஆனால் ஆள் மெல்லப் பேசுவார். டைரக்டர் அவரைத் தனியாக அழைத்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்.

"எனக்குப் புதுக் குரல் வேணும். கனமான குரல். முக்கியமா, விஷயம் என் பொண்டாட்டி காதுக்குப் போகக் கூடாது."

சவுண்டு மோவாயைச் சொறிந்தார். "ஒருத்தங்க இருக்காங்க சார். ஆனா கூச்ச சுபாவம். நீங்க பக்கத்துல இருந்தா பேச வராது. படத்தைப் போட்டுக் காட்டிட்டா தனியா இருந்து பேசி முடிச்சிடுவாங்க."

"ரொம்ப நல்லதாப் போச்சு! யாருய்யா அவங்க?"

"பேரு இப்ப வேணாம்கிறாங்க சார்."

இவ்வளவு அடக்கமான கலைஞர்கள் இன்னும் உலகத்தில் இருக்கிறார்களே என்று டைரக்டருக்கு உடம்பு சிலிர்த்தது.

அந்த வாரம் வீட்டில் மனைவிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. சாயங்காலம் அவர் வந்தபோது சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து, கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் குனிந்து, தலையோடு போர்வை போர்த்தியிருந்தாள்.

"என்ன பண்ற?"

"ஆவி பிடிக்கிறேன்," என்றது போர்வை.

"நல்லா சொன்ன போ. நான் ஒரு ஆவியைப் பிடிச்சுட்டு ரெண்டு வருஷமா அவஸ்தைப்படுறேன். உனக்கென்ன, தண்ணியைக் காய்ச்சினா முடிஞ்சுது."

"எனக்கும் அவஸ்தைதாங்க. அடித்தொண்டையில பேச வேண்டியிருக்கு."

"எந்தக் குழந்தை அடித்தொண்டையில பேசுது?"

"கொஞ்சம் வயசான குழந்தை."

பாவம், எந்த மடையன் படமோ, இவளைப் போட்டு இப்படி வதைக்கிறான் என்று டைரக்டர் மனம் இளகினார். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொடுத்தார். ராத்திரிச் சமையலை அவரே செய்தார். "இந்தப் படம் முடியிற வரைக்கும் நீ வீட்டுல வாயே திறக்காதே, தொண்டைக்கு ஓய்வு குடு," என்று உத்தரவே போட்டார். உள்ளூர அதில் அவருக்கும் லாபம் இருந்தது. வாய் திறக்காவிட்டால் கேள்வி இல்லை. அவள் சமர்த்தாகத் தலையாட்டினாள். இந்த வீட்டில் அவர் போட்ட உத்தரவு ஒன்று அப்படியே நிறைவேறியது அதுதான் முதல் தடவை. அப்போதாவது அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

வரவில்லை.

குரல் பதிவு முடிந்ததும் சவுண்டு கூப்பிட்டனுப்பினார். டைரக்டரும் எடிட்டரும் இருட்டறையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

"சார், முன்னாடியே சொல்லிடுறேன். அந்தம்மா சில இடத்துல அவங்களா பேசிட்டாங்க. பேய் முதுகைக் காட்டுற இடம், முடி மறைக்கிற இடம். வாயசைவுக்குப் பிரச்சினை இல்ல. பிடிக்கலைன்னா தூக்கிடலாம்."

"என் வசனத்தையா மாத்தினாங்க? யாரைக் கேட்டு மாத்தினாங்க?" டைரக்டர் பாதி எழுந்துவிட்டார். அதற்குள் படம் ஓட ஆரம்பித்தது.

சின்ன வீட்டுக் கதவு. நீலச் செருப்பு. பேய் தட்டுகிறது, காத்திருக்கிறது. கணவன் கதவைத் திறந்து, பார்த்து, பயத்தில் சுவரோடு ஒட்டிக்கொள்கிறான். டைரக்டர் எழுதிய வசனம் "நான் வந்துட்டேன்" என்பது மட்டும்தான். அது வந்தது. அப்புறம் பேய் முதுகு திருப்பி நின்றது. அடிவயிற்றிலிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒரு பெண் குரல் கேட்டது.

"பயப்படாதீங்க. அவன் வீட்டுக்குள்ள போக நான் யாரையும் கேக்கல. சுவரைக் கடந்து போனேன். இது நம்ம வீடு. இங்க நீங்க திறந்தாத்தான் நான் உள்ள வருவேன்."

டைரக்டர் உட்கார்ந்தார்.

பேய் உள்ளே வந்தது. செருப்பு சிமெண்டுத் தரையில் சரசரத்தது. "எங்கேயுமே கால் பாவல. இந்தத் தரையில மட்டும்தான் படுது."

காப்பி வந்தது. முடி முகத்தை மறைத்திருந்தது. "எதைத் தொட்டாலும் கை உள்ள போயிடுது. இந்தத் தம்ளர் மட்டும் கையில நிக்குது. எத்தனை தடவை கழுவியிருப்பேன். அதுக்காவது என்னை ஞாபகம் இருக்கே."

அறையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். எடிட்டர். டைரக்டருக்கு மூக்கை உறிஞ்சவும் தெம்பில்லை. கண்ணீர் கன்னத்தில் இறங்கிச் சட்டைக் காலருக்குள் போனது. விளக்குப் போட்டதும் எடிட்டர் சொன்னார்:

"ஒரே பேய்தான் சார். ஒரே கொள்கைதான். காண்டிராக்டர் வீட்டுல ஒரு இடத்துல வாசல் கேட்டைக் கையால திறக்குது, அந்தத் துண்டை மட்டும் வெட்டிடுறேன்."

டைரக்டர் சவுண்டின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அந்தம்மாவை நேரில் பார்த்து நன்றி சொல்ல வேண்டும் என்றார். முடியாது என்றார் சவுண்டு. போனிலாவது என்றார். கூச்சம் என்றார் சவுண்டு. மனம் கேட்கவில்லை. கடைவீதிக்குப் போய், தொண்டைக்கு வெந்நீர் வைத்துக் குடிக்க நல்ல உசத்தியான ஃபிளாஸ்க் ஒன்று, செம்பு நிறத்தில், பார்த்துப் பார்த்து வாங்கி, சவுண்டு மூலம் கொடுத்தனுப்பினார்.

இரண்டு நாள் கழித்து அந்த ஃபிளாஸ்க் அவர் வீட்டுச் சமையல் மேடையில் உட்கார்ந்திருந்தது.

டைரக்டர் அதைச் சுற்றி வந்து பார்த்தார். "இது ஏது?"

"ஒரு ரசிகர் குடுத்தார்," என்றாள் மனைவி, அதிலிருந்து வெந்நீரை ஊற்றிக்கொண்டே. தொண்டை சரியாகிவிட்டிருந்தது.

"இதே மாதிரி நான்கூட ஒண்ணு…" என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். கடையில் வரிசையாக இதே மாதிரி அடுக்கித்தானே வைத்திருந்தான். யார் வேண்டுமானாலும் வாங்கியிருக்கலாம்.

ஆனால் நிறைந்த மனது சும்மா இருக்குமா? பேசாமல் இருக்க முடியவில்லை அவருக்கு. "ஒரு குரல் கேட்டேன்," என்று தொடங்கினார். "வேற ஒருத்தர் படத்துல. அடடா! என்ன கனம், என்ன உருக்கம்! அந்தம்மா ஒரு மூச்சு விட்டா நாலு பக்க வசனத்துக்குச் சமம். அவங்களைப் பார்த்தா கால்ல விழுந்துடுவேன்."

"பார்க்கவே இல்லையா?"

"இல்ல."

"பார்க்காமலேயே இவ்வளவா?" அவள் ஒரு வாய் வெந்நீர் குடித்தாள். "அந்த மாதிரி நான் பேசினா எப்படி இருக்கும்?"

டைரக்டர் சிரித்துவிட்டார். அன்பாகத்தான் சிரித்தார். "நீ பாப்பா குரல்காரிம்மா. உன் தொண்டைக்கு அது தாங்காது. அதுக்கெல்லாம் ஒரு அனுபவம் வேணும். வாழ்க்கையில அடிபட்டிருக்கணும். புருஷன்கிட்ட படாத பாடு பட்ட குரல் அது. கேட்டாலே தெரியும்."

"அது என்னவோ உண்மைதாங்க," என்றாள் அவள்.

படத்தை வாங்க வருகிறவர்களுக்குப் போட்டுக் காட்டும் நாள் வந்தது. காலைக் காட்சி. டைரக்டர் சட்டையை மாட்டிக்கொண்டே, "உன்னையும் கூட்டிட்டுப் போலாம்னுதான் பார்த்தேன். ஆனா அந்த தியேட்டர்ல ஏசி எலும்பைத் துளைக்கும். உன் தொண்டைக்கு ஆகாது," என்றார்.

"சரிங்க. நீங்க போயிட்டு வாங்க. நல்லா நடக்கும்."

ஒரு கேள்விகூட இல்லை. தெருமுனை திரும்பும்போதுதான் அது அவரை லேசாக உறுத்தியது.

சின்ன தியேட்டர். முன்வரிசையில் டைல்ஸ்காரர். பின்னால் படம் வாங்க வந்தவர்கள், கையைக் கட்டிக்கொண்டு, எங்களை முடிந்தால் பயமுறுத்திப் பார் என்ற முகத்தோடு. முதல் பாதியில் பயந்தார்கள். அது டைரக்டர் எதிர்பார்த்தது. இரண்டாம் பாதியில் பேய் கதவைத் தட்டியபோது ஒருவர், "என்னய்யா இது, இவ்வளவு நேரம் சுவர் வழியா…" என்று வாயெடுத்தார். அதற்குள் அந்தக் குரல் வந்துவிட்டது. அவர் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. காப்பித் தம்ளர் வந்தபோது ஒரு பெரிய மீசைக்காரர் கைக்குட்டையைத் தேடினார். கிடைக்காமல் பக்கத்து ஆளின் கைக்குட்டையைப் பிடுங்கிக்கொண்டார்.

விளக்கு எரிந்ததும் டைல்ஸ்காரர் எழுந்து நின்றார். அவர் கண்ணும் சிவந்திருந்தது. "படம் முழுக்க என் டைல்ஸைப் பார்க்கணும்னு வந்தேன்யா. கடைசியில ஒரு சிமெண்டுத் தரையைப் பார்த்து அழுதுட்டேன். பேய்க்குப் பேசினது யாரு? எனக்கு இப்பவே பார்க்கணும்."

"அவங்க வர மாட்டாங்க சார். கூச்ச சுபாவம்," என்றார் டைரக்டர் பெருமையாக.

"வந்திருக்காங்க சார்," என்றார் சவுண்டு மெல்ல. "கடைசி வரிசை."

எல்லாத் தலையும் திரும்பியது. கடைசி வரிசையில், கழுத்தைச் சுற்றி மப்ளரோடு, மடியில் செம்பு நிற ஃபிளாஸ்கோடு, பாப்பாக்கா உட்கார்ந்திருந்தாள்.

டைரக்டர் முதலில் நினைத்தது, இவள் எப்படி இங்கே வந்தாள் என்பதுதான். அடுத்தபடி, அந்தம்மாவின் ஃபிளாஸ்கை இவள் ஏன் வைத்திருக்கிறாள் என்று யோசித்தார். மூன்றாவதாக யோசிக்க அவருக்கு அவகாசம் கிடைக்கவில்லை. அவள் எழுந்து, குழந்தைக் குரல் பேசிக் காட்டும்படி மீசைக்காரர் கேட்டுக்கொண்டதற்காக, "அங்கிள், எனக்கு பிஸ்கட்டு?" என்று மூன்று வயதுக் குரலில் கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கிணற்றுக் குரலில், "நீங்க திறந்தாத்தான் நான் உள்ள வருவேன்," என்றாள். டைரக்டர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அது நாற்காலி அல்ல, எடிட்டரின் மடி.

கூட்டம் அவளைச் சுற்றிக்கொண்டு, மெதுவாகக் கலைந்த பிறகு, வெளியே படிக்கட்டுப் பக்கம் இருவரும் தனியாக நின்றார்கள்.

"ஏசி ஆகாதுன்னு சொன்னேனே," என்றார் டைரக்டர். வேறு எதில் ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"அதான் மப்ளர் கட்டிக்கிட்டு வந்தேன்."

"எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?"

"என் பொண்டாட்டிக்குத் தெரியக் கூடாதுன்னு சவுண்டுகிட்ட சொன்னீங்கல்ல? நீங்க அந்த ரூமை விட்டு வெளிய வந்து செருப்பு மாட்டுறதுக்குள்ள எனக்கு போன் வந்துடுச்சு."

"துரோகி!"

"அந்தத் துரோகியை வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தாங்க."

டைரக்டர் படிக்கட்டின் கைப்பிடியைச் சுரண்டினார். "எங்கிட்டயே சொல்லியிருக்கலாமே. இந்த வசனத்தையெல்லாம் வீட்டுலயே சொல்லியிருந்தா நான்…"

"கேட்டிருப்பீங்களா?"

அவர் நேர்மையாக யோசித்தார். "மாட்டேன்."

"நான் ஒரு கேள்வி கேட்டா, நீங்க முழுக் கதையையும் தூக்கிப் பரண்ல போட்டுடுறீங்க. மூணு கதை போச்சு. தூக்கிப் போடச் சொல்லியா கேட்டேன்? அவன் பாட்டு வரியை ஏன் மறக்கலன்னு நிஜமாவே தெரிஞ்சுக்கணும்னுதான் கேட்டேன். அதுக்கு ஒரு காரணம் சொல்லியிருந்தீங்கன்னா, அது எவ்வளவு நல்ல படமா இருந்திருக்கும் தெரியுமா?" அவள் மப்ளரை அவிழ்த்து மடித்தாள். "அதான் இந்தத் தடவை வாயைத் திறக்காம, பதிலையும் நானே சொல்லிட்டேன்."

பரண்மேல் இருந்த அந்த ஞாபகசக்தி போனவன் டைரக்டரின் மனதுக்குள் மெல்ல எழுந்து உட்கார்ந்து, ஒரு பாட்டு வரியை முணுமுணுத்தான். அந்தப் பாட்டை அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்று அவருக்கு இப்போது தெரிந்த மாதிரி இருந்தது.

"அந்தப் பதில் உனக்கு எப்படிக் கிடைச்சுது?" என்று கேட்டார்.

"செருப்புலதான். அந்தப் பங்களாவுல அவளுக்குக் காலே இல்ல. இந்த வீட்டு வாசல்ல வந்தா, என் நீலச் செருப்பைப் போட்டுக்கிட்டு நிக்கிறா. எனக்குச் சிரிப்புதான் வந்தது முதல்ல, நாய் தூக்கிட்டுப் போச்சுன்னீங்களேன்னு. அப்புறம் பார்க்கப் பார்க்க, இவ பேயா வரல, வீட்டுக்கு வந்திருக்கான்னு தோணிடுச்சு. அப்புறம் எல்லாம் தானா வந்துச்சு."

நூற்றுக்கணக்கான பக்கம் வசனம் எழுதிய மனிதர் அவர். மழையில் நனைந்துகொண்டு பேசுகிற வசனம், கோர்ட்டில் பேசுகிற வசனம், சாகும்போது பேசுகிற வசனம் என்று எல்லாம் எழுதியிருக்கிறார். அத்தனையும் அந்த நேரத்தில் அவரைக் கைவிட்டன. இத்தனை வருஷமாக உள்ளேயே கிடந்தது மட்டும், அலங்காரம் எதுவும் இல்லாமல் வெளியே வந்தது.

"ரொம்ப நன்றிம்மா," என்றார். "இதுக்கு மட்டும் இல்ல."

"தெரியும்," என்றாள் அவள். ஃபிளாஸ்கைத் திறந்து அவருக்கு ஒரு மூடி வெந்நீர் ஊற்றிக் கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். இவ்வளவு ருசியான வெந்நீரை அவர் வாழ்நாளில் குடித்ததில்லை.

அப்போது டைல்ஸ்காரர் கதவைத் தள்ளிக்கொண்டு வேகமாக வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. படம் எல்லா ஊருக்கும் விற்றுப்போய்விட்டது என்றார். டைரக்டர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு ஓர் அடி முன்னால் வந்தார். டைல்ஸ்காரர் அவரைத் தாண்டிப் போய் அவள் முன்னால் நின்றார்.

"பாப்பாக்கா, அடுத்த படமும் நம்ம கம்பெனிதான். கதை, வசனம் எல்லாம் நீங்க பார்த்துக்கங்க. எனக்கு ஒரே ஒரு யோசனைதான். டைரக்ஷனுக்கு யாரைப் போடலாம்?"

அவள் டைரக்டர் கையிலிருந்த மூடியை வாங்கி ஃபிளாஸ்கை மூடினாள்.

"எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்கார் சார். ஆள் பரவாயில்ல. நான் வேணா பேசிப் பார்க்கிறேன்."